டெலிபோட்டோ ஜூம் லென்ஸ்: தேர்ந்தெடுக்கும் முறை

நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை வழியாகக் களியக்காவிளைக்குச் செல்லும் சாலையின் இருமருங்கிலும் குளமும் வயலும் தென்னந்தோப்பும் வாழைத்தோட்டமும் மாறிமாறிக் காணப்படுகின்றன. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபொழுது இப்பகுதியில் எல்லைக்கோடு அமைந்தது. ஆனால் பறவைகள் அக்கோட்டை அறியா. காலையில் பாறசாலை வயலில் இரை தேடும் கொக்கு, மாலையில் விளவங்கோட்டுக் குளத்தில் இறங்குதல் கூடும்.

இவ்வெல்லைக் கிராமத்துப் பள்ளி ஒன்றின் ஆசிரியர், மாணவர்களுடன் வயலோரம் நிற்கிறார் என்று கொள்வோம். முப்பது மீட்டர் தொலைவில் வெண்ணிறக் கொக்கு ஒன்று நிற்கிறது. தமிழ் பேசும் மாணவர் அதைக் கொக்கு என்பர். மலையாளம் பேசும் மாணவர் முண்டி என்பர். இருவர் கூற்றும் சரியே. ஆனால் அது பெரிய வெண்கொக்கா, நடுத்தர வெண்கொக்கா? மலையாளத்தில் வினவினால், பெருமுண்டியா, செறுமுண்டியா? இனப்பெருக்கக் காலம் அல்லாதபொழுது இரண்டிற்கும் அலகு மஞ்சள், கால்கள் கறுப்பு. உருவத்தின் அளவும், பக்கத்தில் ஒப்பிட வேறொன்று இல்லையெனில் கண்ணை ஏமாற்றும். நம்பத்தக்க அடையாளம் ஒன்றே: வாயின் பிளவுக்கோடு பெரிய வெண்கொக்கில் கண்ணைக் கடந்து பின்னே நீளும், நடுத்தர வெண்கொக்கில் கண்ணுக்கு நேர் கீழே முடிந்துவிடும். ஆசிரியர் படம் எடுக்கிறார். பள்ளிக்குத் திரும்பிக் கணிப்பொறியில் பெரிதாக்கிப் பார்க்கிறார். கொக்கு பெரிதாகத் தெரிகிறது, பிளவுக்கோடு தெரியவில்லை. பட்டியலில் எப்பெயரை எழுதுவது?

லென்ஸைத் தேர்ந்தெடுக்கும் பிரச்சினை முழுவதும் இச்சிறு நிகழ்ச்சியில் அடங்கியிருக்கிறது. தொலைவிலுள்ள பொருளைப் பெரிதாகக் காட்டுவது வேறு. அதன் நுட்பத்தைத் தெளிவாகக் காட்டுவது வேறு. கடைக்காரர் பெரும்பாலும் முன்னதைப் பற்றியே பேசுவார். களப்பணியாளருக்கும் ஆசிரியருக்கும் வேண்டியது பின்னதேயாகும்.

சான்றாக நிற்கும் படம்

1933-ஆம் ஆண்டில் டாக்டர் சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில் பறவைகளைக் கணக்கெடுத்தார். அக்காலத்தில் ஓர் இனத்தை ஐயமற நிறுவுவதற்குப் பறவையைச் சுட்டு, அதன் தோலைப் பதப்படுத்திப் பாதுகாப்பதே வழக்கமாக இருந்தது. பிற்காலத்தில், 2015 முதல் 2020 வரை, கேரளப் பறவை வரைபடத் திட்டம் மாநிலம் முழுவதும் நடைபெற்றது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர் அதில் ஈடுபட்டனர். ஏறத்தாழ 25,000 பட்டியல்களிலிருந்து 361 இனங்களின் பரவல் பதிவு செய்யப்பட்டது. இதற்காக எப்பறவையும் சுடப்படவில்லை. கண்ணும் செவியும் முதன்மையான கருவிகளாயின. ஐயம் எழும் இடங்களில் படம் துணை நின்றது. துப்பாக்கி செய்துவந்த வேலையை இன்று லென்ஸ் செய்கிறது எனலாம். ஆகவே லென்ஸின் குறை வெறும் அழகுக் குறை அன்று. அது பதிவேட்டில் பிழையாக நிலைத்துவிடும்.

தமிழகத்தில் காட்டுயிர்ப் படக்கலைக்கு வழிகாட்டியவர் மா. கிருஷ்ணன் (1912–1996). அவர் தமக்கு வேண்டிய சாதனம் கடையில் கிடைக்காமையால், பல உறுப்புகளைத் தாமே இணைத்துக் கனத்த காமிரா ஒன்றை உருவாக்கி, அதற்குச் ‘சூப்பர் பாண்டரோஸா’ என்று பெயரிட்டிருந்தார். கறுப்பு வெள்ளைப் படங்களையே அவர் விரும்பி எடுத்தார். விலங்கின் உடலமைப்பும் இயல்பும் ஐயமின்றித் தெரிய வேண்டும் என்பதே அவர் நோக்கம். இன்று கடைகளில் லென்ஸுகளுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் நோக்கம் அதுவாகவே இருத்தல் வேண்டும்.

டெலிபோட்டோ என்பது யாது?

தொலைவிலுள்ள பொருளின் உருவை லென்ஸ் எவ்வளவு பெரிதாக வீழ்த்தும் என்பது அதன் குவியத் தூரத்தைப் பொறுத்தது. குவியத் தூரம் இருமடங்கானால் உருவும் இருமடங்காகும். ஆனால் எளிய குவிலென்ஸ் ஒன்றினால் 600 மில்லிமீட்டர் குவியத் தூரம் பெற வேண்டுமெனில், காமிராவின் முன்னே 60 சென்டிமீட்டர் நீளமுள்ள குழாய் ஒன்றை நீட்ட வேண்டும். இவ்விடர்ப்பாட்டை நீக்க எழுந்ததே டெலிபோட்டோ அமைப்பு. முன்னே குவிலென்ஸுத் தொகுதி; பின்னே குழிலென்ஸுத் தொகுதி. முன்தொகுதி ஒளிக்கதிர்களை விரைவாகக் குவிக்கிறது. அவை ஒருங்கு கூடுமுன் பின்தொகுதி அக்குவிதலைத் தளர்த்துகிறது. இதனால் குழாயின் நீளம் குவியத் தூரத்தைக் காட்டிலும் குறைகிறது. 1891-ஆம் ஆண்டில் லண்டனில் தாமஸ் டால்மையரும், ஜெர்மனியில் வேறு சிலரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் இவ்வமைப்பைப் படக்கலைக்குப் பயன்படுத்தினர்.

ஆசிரியர்கள் இதனைப் பள்ளியின் பௌதிகச் சோதனைச்சாலையிலேயே மெய்ப்பித்துக் காட்டலாம். 20 சென்டிமீட்டர் குவியத் தூரமுள்ள குவிலென்ஸ் ஒன்றினால் தொலைவிலுள்ள மரத்தின் உருவைத் திரையில் வீழ்த்துக. லென்ஸுக்கும் திரைக்கும் இடையே 20 சென்டிமீட்டர் இருக்கும். இப்பொழுது குவிலென்ஸிலிருந்து 15 சென்டிமீட்டர் தொலைவில், அதே குவியத் தூரமுள்ள குழிலென்ஸ் ஒன்றை வைக்க. உரு மங்கும். திரையைச் சற்றுப் பின்னே நகர்த்தினால், குழிலென்ஸிலிருந்து ஏறத்தாழ 6.7 சென்டிமீட்டர் தொலைவில் உரு மீண்டும் தெளியும். மொத்த நீளம் 21.7 சென்டிமீட்டரே. ஆனால் உருவோ முன்னிருந்ததைப்போல் ஒன்றே மூன்றில் ஒரு மடங்கு, அஃதாவது 26.7 சென்டிமீட்டர் குவியத் தூரமுள்ள லென்ஸ் தரும் அளவு. உருவின் பொலிவு முன்னிலும் குறைந்திருப்பதையும், நிறக்கரை தோன்றுவதையும் மாணவர்கள் கண்டுகொள்வர். அளவு கூடும்பொழுது ஒளியும் தெளிவும் குறையும் என்னும் பாடம் அவர்கள் கண்முன்னேயே விளங்கும். இச்சோதனையின்பொழுது லென்ஸைச் சூரியனை நோக்கித் திருப்பலாகாது.

லென்ஸின் உட்தொகுதிகளை முன்னும் பின்னும் நகர்த்திக் குவியத் தூரத்தை மாற்றும் அமைப்பே ஜூம். 35 மில்லிமீட்டர் நிழற்படக் காமிராக்களுக்கென முதலில் விற்பனைக்கு வந்த ஜூம் லென்ஸ், 1959-ஆம் ஆண்டில் வெளியான ‘ஜூமார்’ ஆகும். அதன் வீச்சு 36 முதல் 82 மில்லிமீட்டர் வரை. இன்றைய டெலிபோட்டோ ஜூம்கள் 70 முதல் 300, 100 முதல் 400, 150 முதல் 600 மில்லிமீட்டர் ஆகிய வகுப்புகளில் பெரும்பாலும் அமைகின்றன.

ஒரு சென்டிமீட்டரின் கணக்கு

வயலோரத்துக் கொக்கிற்குத் திரும்புவோம். கண்ணுக்குப் பின்னே நீளும் பிளவுக்கோட்டின் பகுதி ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் என்று கொள்வோம். லென்ஸின் குவியத் தூரம் 300 மில்லிமீட்டர். கொக்கு 30 மீட்டர் தொலைவில் நிற்கிறது. 30 மீட்டர் என்பது 30,000 மில்லிமீட்டர். எனவே உரு பொருளின் நூற்றில் ஒரு பங்கு. ஒரு சென்டிமீட்டர் கோடு காமிராவின் ஒளியுணர் தகட்டில் பத்தில் ஒரு மில்லிமீட்டராக வீழும்.

பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் மிகுதியாக வழங்கும் டிஜிட்டல் காமிராக்களில் ஒளியுணர் தகடு ஏறத்தாழ 23.5 மில்லிமீட்டர் அகலமுடையது. இரண்டு கோடியே நாற்பது இலட்சம் படப்புள்ளிகள் கொண்ட தகட்டில் அவ்வகலத்தினுள் 6,000 புள்ளிகள் அடங்கும். ஆகவே நமது ஒரு சென்டிமீட்டர் கோடு ஏறத்தாழ 25 புள்ளிகளின் நீளம் பெறும். லென்ஸ் தெளிவானதாயின், இனத்தைத் தீர்மானிக்க இது போதும். கொக்கு 60 மீட்டர் தொலைவில் நின்றால் 13 புள்ளிகளே கிடைக்கும், தீர்மானம் கடினமாகும்.

இனி, இக்கணக்கைக் கெடுக்கும் ஒன்றைக் காண்போம். கையில் பிடித்த காமிரா, படம் பதியும் கணத்தில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு அசைந்தது என்று கொள்வோம். 300 மில்லிமீட்டர் லென்ஸில் அவ்வசைவு உருவை 22 புள்ளிகள் இழுத்துவிடும். நாம் தேடிய 25 புள்ளி நீளமுள்ள கோடு அவ்விழுப்பிலேயே மறைந்துபோம். 600 மில்லிமீட்டர் லென்ஸை வாங்கியிருந்தால் கோடு 50 புள்ளியாகும். அதே அசைவில் இழுப்பும் 44 புள்ளியாகும். ஆக, குவியத் தூரத்தை மட்டும் பெருக்குவதனால் பயன் இல்லை. கை நடுக்கத்தைத் தடுக்கவும், போதிய ஒளியைப் பெறவும், கண்ணாடியின் பிழைகளைக் குறைக்கவும் வழி செய்த பின்னரே குவியத் தூரத்திற்குப் பொருள் உண்டு.

‘சமானம்’ என்னும் சொல்

விளம்பரங்களில் ‘2000 மில்லிமீட்டருக்குச் சமானம்’ போன்ற தொடர்களைக் காண்கிறோம். இச்சொல் பலரை மயக்குகிறது. சிறிய ஒளியுணர் தகடு, லென்ஸ் வீழ்த்தும் உருவின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்கிறது. அதனால் காட்சி குறுகி, பொருள் நெருங்கியதுபோல் தோன்றுகிறது. 23.5 மில்லிமீட்டர் அகலத் தகட்டில் 300 மில்லிமீட்டர் லென்ஸ், 36 மில்லிமீட்டர் அகலமுள்ள முழுத்தகட்டில் 450 மில்லிமீட்டர் லென்ஸ் தரும் காட்சியைத் தரும். லென்ஸ் நீண்டுவிடவில்லை, சட்டமே சுருங்கியது.

லென்ஸ் கழற்றப்படாத ஒருவகைக் காமிராக்களில் தகடு 6 மில்லிமீட்டருக்குச் சற்றே மிகுந்த அகலமுடையது. அவற்றுள் 2000 மில்லிமீட்டருக்குச் சமானம் என்று குறிக்கப்பட்ட ஒன்றின் உண்மைக் குவியத் தூரம் 357 மில்லிமீட்டரே. தகட்டின் புள்ளிகள் மிக நுண்ணியவை. ஆனால் ஒளி அலை வடிவினதாகையால், எந்த லென்ஸும் ஓர் ஒளிப்புள்ளியைப் புள்ளியாகவே வீழ்த்த இயலாது. சிறு வட்டமாகவே வீழ்த்தும். அக்காமிராவின் நீண்ட முனையில் இவ்வட்டம் ஆறேழு படப்புள்ளிகளின் அகலத்தை அடைத்துக்கொள்கிறது. எனவே புள்ளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற நுட்பம் கிடைப்பதில்லை. நல்ல வெயிலில், அசையாப் பறவைக்கு, குறைந்த எடையில் இக்காமிரா உதவும் என்பதையும் மறுப்பதற்கில்லை. வைகறை மங்கலிலும், பறக்கும் பறவையிடத்தும் அது தோற்றுவிடும். ‘டிஜிட்டல் ஜூம்’ என்பதோ ஜூமே அன்று. எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்குதலே அது. அவ்வேலையைக் கணிப்பொறியில் நாமே செய்துகொள்ளலாம்.

துவாரமும் ஒளியும்

லென்ஸின் மேல் குவியத் தூரத்தை அடுத்து எஃப் எண் குறிக்கப்பட்டிருக்கும். குவியத் தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்து வரும் ஈவே எஃப் எண். எண் சிறிதானால் துவாரம் பெரிது, ஒளியும் மிகுதி. எஃப் 5.6-ஐக் காட்டிலும் எஃப் 4 இருமடங்கு ஒளியையும், எஃப் 2.8 நான்கு மடங்கு ஒளியையும் அளிக்கும்.

அதற்குரிய விலையையும் எடையையும் கணக்கே கூறிவிடும். 300 மில்லிமீட்டர், எஃப் 5.6 லென்ஸுக்குத் துவாரத்தின் விட்டம் 54 மில்லிமீட்டர். அதுவே எஃப் 2.8 ஆயின் 107 மில்லிமீட்டர். அத்துணை அகன்ற கண்ணாடியைப் பிழையறத் தீட்டுதல் அரிய வேலை. விலை பன்மடங்காவது இதனாலேயே. 150 முதல் 600 வகுப்பு லென்ஸுகள் நீண்ட முனையில் பெரும்பாலும் எஃப் 6.3 என அமைவதும் இக்காரணத்தால்தான். அப்பொழுதும் துவாரம் 95 மில்லிமீட்டர் வேண்டியிருக்கிறது.

குறுகிய முனையில் எஃப் 4 என்றும், நீண்ட முனையில் எஃப் 5.6 அல்லது 6.3 என்றும் இரண்டு எண்கள் பொறிக்கப்பட்ட லென்ஸுகளே மலிவானவை. பறவைப் பணியில் நாம் பெரும்பாலும் நீண்ட முனையையே பயன்படுத்துவோம். ஆகவே இரண்டாம் எண்ணையே கவனித்தல் வேண்டும்.

துவாரத்தை மிகச் சுருக்கினாலும் தெளிவு கெடும். முன்கூறிய ஒளிவட்டம் எஃப் 5.6-இல் ஏறத்தாழ இரண்டு படப்புள்ளிகளின் அகலமே பெறும். எஃப் 22-இல் ஏழெட்டுப் புள்ளிகளாக விரிந்துவிடும். எஃப் 5.6 முதல் 8 வரையிலான இடமே பெரும்பாலான தொலைவு லென்ஸுகளுக்கு ஏற்றது. குவியத் தூரத்தை 1.4 மடங்கோ 2 மடங்கோ பெருக்கும் இணைப்புக் கண்ணாடிகளும் கிடைக்கின்றன. முன்னது ஒளியைப் பாதியாகவும், பின்னது கால் பங்காகவும் குறைக்கும். எஃப் 5.6 லென்ஸில் இருமடங்கு இணைப்பைப் பொருத்தினால் எஃப் 11 ஆகும். பல காமிராக்கள் தாமாகக் குவியம் காணும் ஆற்றலை அப்பொழுது இழந்துவிடும்.

கண்ணாடியின் தரம்

வெண்ணொளி பல நிறங்களின் கூட்டு. சாதாரணக் கண்ணாடி ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வோர் அளவில் வளைக்கிறது. அதனால் நீலமும் சிவப்பும் ஒரே இடத்தில் குவிவதில்லை. பொருளின் விளிம்பில் ஊதா அல்லது பச்சைக் கரை தோன்றும். இதுவே நிறப்பிறழ்ச்சி. குவியத் தூரம் நீள நீள இக்குறை பெருகும். இதனைக் குறைக்க, நிறங்களை மிகுதியாகப் பிரிக்காத தனிவகைக் கண்ணாடியும், கால்சியம் புளோரைடுப் படிகமும் பயன்படுத்தப்படுகின்றன. 1969-ஆம் ஆண்டில் ஜப்பானியக் கம்பெனியான கானன், செயற்கையாக வளர்த்த அப்படிகத்தைப் பொருத்திய 300 மில்லிமீட்டர் லென்ஸைப் பொதுவிற்பனைக்குக் கொணர்ந்தது. இன்று நடுத்தர விலை லென்ஸுகளிலும் குறைந்த நிறப்பிரிகைக் கண்ணாடி ஒன்றிரண்டேனும் இடம்பெறுகின்றன. லென்ஸின் விவரக் குறிப்பில் இதனை உசாவி அறிய வேண்டும்.

ஜூம் வீச்சு மிக அகன்ற லென்ஸுகளிடத்து எச்சரிக்கை வேண்டும். 70 முதல் 300 வரை என்பது நான்கு மடங்கிற்குச் சற்று மேற்பட்ட வீச்சு. 18 முதல் 300 வரை என்பதோ பதினாறு மடங்கிற்கு மேல். எல்லா நிலைகளிலும் பிழைகளைத் திருத்துதல் கடினமாதலால், இத்தகைய லென்ஸுகள் நீண்ட முனையிலேதான் பெரும்பாலும் தளர்கின்றன. நமக்கு வேண்டுவதும் அம்முனையே.

கொக்கின் வெண்மை மீது ஊதாக்கரை படிந்த படத்தில் அலகின் உண்மை நிறத்தைச் சொல்ல இயலுமா? நிறமே அடையாளமாகும் இடத்தில் நிறப்பிறழ்ச்சி பொய்ச்சாட்சி ஆகிவிடும்.

நடுக்கமும் கானலும்

கையில் பிடித்து எடுக்கும்பொழுது, முழுத்தகட்டுச் சமானக் குவியத் தூரம் எவ்வளவோ, ஒரு செகண்டின் அத்தனையாவது பங்கிற்குக் குறையாத ஷட்டர் வேகம் வேண்டும் என்பது பழைய விதி. 450 மில்லிமீட்டருக்கு ஐந்நூறில் ஒரு செகண்டு எனலாம். 1995-ஆம் ஆண்டில் நடுக்கத்தைத் தானே ஈடுசெய்யும் அமைப்பு காமிரா லென்ஸுகளில் வந்தது. இதன் உதவியால் எட்டு மடங்கு, சில சமயம் பதினாறு மடங்கு மெதுவான வேகத்திலும் எடுக்கலாம். ஆனால் இது நம் கையின் நடுக்கத்தையே ஈடுசெய்யும். பறவையின் அசைவைத் தடுக்காது. நீரில் பாயும் மீன்கொத்திக்கு இரண்டாயிரத்தில் ஒரு செகண்டு வேண்டியிருக்கும். அதற்கு ஒளி ஒன்றே துணை.

எந்த லென்ஸாலும் வெல்ல முடியாத குறை ஒன்று உண்டு. நண்பகலில் வயலின் மீதும், மணக்குடி, புத்தளம் உப்பளங்களின் மீதும் சூடேறிய காற்று நெளிந்தெழுகிறது. அக்கானலின் ஊடே நூறு மீட்டருக்கு அப்பால் எடுக்கும் படம், லென்ஸ் எத்துணை விலையுயர்ந்ததாயினும் கலங்கியே தோன்றும். சூரியன் எழுந்த முதல் இரண்டு மணி நேரமே பணிக்கு உகந்தது. நேரத்தை மாற்றுவதற்குச் செலவும் இல்லை.

யாருக்கு எது?

பள்ளிக்கு 70 முதல் 300 வகுப்பு ஏற்றது. அதன் எடை அரைக் கிலோவிற்கும் முக்கால் கிலோவிற்கும் இடைப்பட்டது. மாணவர் கையிலும் தாங்கும். இவ்வகுப்பின் பல லென்ஸுகள் ஒன்றரை மீட்டர் அண்மையிலும் குவியம் காண்பவை. பொருளின் கால் பங்கு அளவில் உரு தருபவை. ஐந்து சென்டிமீட்டர் நீளமுள்ள தும்பி தகட்டின் பாதியை நிரப்பும். பறவை இல்லாத நாளில் தும்பியும் வண்ணத்துப்பூச்சியும் பாடமாகும்.

வெள்ளாயணி ஏரி, அதனையடுத்த புஞ்சக்கரி வயல்கள், எல்லைக்கு அப்பால் 2022-ஆம் ஆண்டில் ராம்சார் தலங்களாக அறிவிக்கப்பட்ட சுசீந்திரம்–தேரூர், வேம்பனூர் நீர்நிலைகள் ஆகியவற்றைக் கண்காணிக்கும் களப்பணியாளருக்கு நீண்ட குவியத் தூரம் தேவை. பறவைகள் திறந்த நீர்ப்பரப்பில் தொலைவில் இருப்பவை. 100 முதல் 400 வகுப்பு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ளது. நடந்து சென்று பணிபுரிவோருக்கு உகந்தது. 150 முதல் 600 வகுப்பு இரண்டு கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ளது. ஒற்றைக்கால் தாங்கி ஒன்றேனும் உடன் வேண்டும். தாங்கிக்குப் பணமில்லையெனில் 600 மில்லிமீட்டர் லென்ஸை வாங்காதிருத்தலே நன்று.

நெய்யாறு வனவிலங்குச் சரணாலயத்தின் காடுகளில் நிலைமை வேறு. அங்கே தொலைவைக் காட்டிலும் நிழலே இடையூறு. ஆகவே நீண்ட லென்ஸைவிட, 300 மில்லிமீட்டர் எஃப் 4 போன்ற ஒளிமிகுந்த லென்ஸ் பயன் தரும். அது ஜூம் அன்று. எனினும் கண்ணாடிகள் குறைவாதலின் தெளிவு மிகும். சரணாலயத்துள் படம் எடுக்க வனத்துறையின் அனுமதி பெறுதல் அவசியம்.

வாங்குமுன் சோதனை

விவரக் குறிப்பு ஒரே வகை லென்ஸுகள் எல்லாவற்றிற்கும் பொதுவானது. நம் கைக்கு வரும் லென்ஸ் ஒன்றே ஒன்று. அதனைச் சோதித்தே ஏற்க வேண்டும். பின்வரும் சோதனைகளுக்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை.

முதலாவது, செய்தித்தாள் சோதனை. செய்தித்தாளை விரித்துச் சுவரில் ஒட்டி, காமிராவை முக்காலியில் சுவருக்கு நேராக நிறுத்துக. துவாரத்தை முழுதும் திறந்து, குறுகிய முனை, நடு, நீண்ட முனை ஆகிய மூன்று நிலைகளிலும் படம் எடுக்க. நான்கு மூலைகளின் எழுத்துகளும் நடுவைக் காட்டிலும் சற்று மங்கலாக இருத்தல் இயல்பு. ஒரு மூலை மட்டும் ஏனைய மூன்றினும் மிக மங்கலாயின், உள்ளே கண்ணாடி ஒன்று மையம் விலகியிருக்கிறது எனக் கொள்க.

இரண்டாவது, தென்னோலைச் சோதனை. வெளிறிய வானத்தின் பின்னணியில் தென்னையின் கீற்றை நீண்ட முனையில் எடுக்க. கீற்றின் விளிம்புகளில் ஊதாவோ பச்சையோ எவ்வளவு அகலம் படிகிறது என்பதைப் பெரிதாக்கிப் பார்க்க. ஒன்றிரண்டு புள்ளிகள் பொறுக்கத்தக்கவை. சூரியன் சட்டத்தினுள் வராதபடி நின்று எடுத்தல் இன்றியமையாதது.

மூன்றாவது, விளக்குச் சோதனை. இரவில் தொலைவிலுள்ள சிறு விளக்கை மையத்தில் வைத்து எடுக்க. அது உருண்டைப் புள்ளியாக வீழ வேண்டும். வால்முளைத்தது போலவோ இறக்கை விரித்தது போலவோ வீழ்ந்தால் லென்ஸை ஏற்கலாகாது.

பழைய லென்ஸ் ஆயின், மின்பொறி விளக்கை ஒருபுறம் பிடித்து மறுபுறம் நோக்குக. சிலந்தி நூல் போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்தால் குழாய் தானே சரிந்து நீள்கிறதா, குவியம் தயங்காமல் அமைகிறதா என்பவற்றையும் பார்க்க. லென்ஸின் பொருத்துவாய் தம் காமிராவிற்கு உரியதுதானா என்பதையும் கேட்டறிக. ஒரே கம்பெனியிலும் வாய்கள் பலவாதலால், பலர் இங்கேயே தவறுகின்றனர்.

ஈரம் என்னும் பகை

இப்பகுதியில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஆகிய இரண்டும் பெய்கின்றன. ஆண்டின் பல மாதங்களில் காற்று ஈரமிக்கது. தோலுறையிலோ இருண்ட மர அலமாரியிலோ வைத்த லென்ஸில் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை படரக்கூடும். அது கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிட்டால் துடைத்தும் தீராது.

பரிகாரம் எளிது. மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் சிலிகா ஜெல் மணிகளையும், ஈரமானி ஒன்றையும் லென்ஸுடன் வைக்க. ஈரப்பதம் நூற்றுக்கு நாற்பதிலிருந்து ஐம்பது வரை இருத்தல் நலம். நீல மணிகள் வெளிர்சிவப்பானால், அல்லது ஆரஞ்சு மணிகள் பச்சையானால், அவை நிறைந்துவிட்டன என்பது பொருள். மிதமான சூட்டில் உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். உணவு சமைக்கும் பாத்திரத்தில் அவற்றை உலர்த்தலாகாது. பூவாற்றுப் பொழிமுகத்திலும் பொழியூர்க் கடற்கரையிலும் பணி முடித்த பின், உப்புப் படிவை மெல்லிய ஈரத்துணியால் வெளிக்குழாயிலிருந்து துடைத்துவிட வேண்டும். ஜூம் செய்யும்பொழுது நீளும் லென்ஸ், ஒவ்வொரு முறையும் வெளிக்காற்றை உள்ளிழுக்கிறது; மழையில் அதனை இயக்காதிருத்தல் நன்று. யாவற்றினும் மேலாக, லென்ஸை அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்துக.

பதிவும் பொறுப்பும்

ஜூமின் சிறந்த பயன் ஒன்றைப் பலர் கருதுவதில்லை. முதலில் குறுகிய முனையில் பறவை நிற்கும் வயலையும் குளத்தையும் சேர்த்து ஒரு படம். அடுத்து நீண்ட முனையில் பறவையின் படம். முன்னது வாழிடத்திற்குச் சான்று. பின்னது இனத்திற்குச் சான்று. காமிராவின் கடிகாரம் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் பார்க்க. மூலப்படத்தைத் திருத்தாது பாதுகாக்க. வெட்டவும் தெளிவாக்கவும் வேண்டுமாயின் நகலில் செய்க.

லென்ஸ் குட்டையாயிற்றே என்று கூட்டை நெருங்குதல் பெருந்தவறு. தாய்ப்பறவை எழுந்து பறந்தால், வெயிலில் முட்டை கெடும், காக்கை காத்திருக்கும். பறவை தலைநிமிர்ந்து நம்மை நோக்கத் தொடங்கியதுமே நின்றுவிட வேண்டும், அதுவே எல்லை. அத்தொலைவிலிருந்து கிடைக்கும் படமே நமக்கு உரிய படம்.

வயலோரத்து ஆசிரியர் இனி என் செய்வார்? இருநூறு மில்லிமீட்டர் கூடுதலாக வாங்க நிதி இல்லையே என்று வருந்த வேண்டுவதில்லை. தம்மிடமுள்ள 300 மில்லிமீட்டர் லென்ஸைச் செய்தித்தாளைக் கொண்டு சோதித்து, அது எத்துவாரத்தில் மிகத் தெளிவானது என்று குறித்துக்கொள்வார். மறுநாள் காலை ஏழு மணிக்கு வரப்பில் அமர்ந்து, முழங்காலின் மீது முழங்கையை ஊன்றி, கொக்கு பக்கவாட்டில் திரும்பும்வரை பொறுத்திருப்பார். பத்துப் படங்களுள் ஒன்றில் பிளவுக்கோடு கண்ணைக் கடந்து செல்வது தெரியும். அப்பொழுது பட்டியலில் ‘பெரிய வெண்கொக்கு’ என்றும், அருகே ‘பெருமுண்டி’ என்றும் எழுதலாம். படம் தெளியவில்லையெனில், ‘வெண்கொக்கு, இனம் தீர்மானிக்கப்படவில்லை’ என்று எழுதுவதே முறை. அதுவும் பயனுள்ள பதிவே. ஐயத்தை மறைத்து எழுதிய பெயரைவிட, ஐயம் உண்டு என்று ஒப்புக்கொண்ட குறிப்பே பின்வரும் ஆராய்ச்சியாளருக்கு உதவும்.